ரோஸ் மருந்தும் நான்கு பட்டைகளும்

சாயங்கால வேளையில் மாடம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு போகும் ஷேர் ஆட்டோவில், புருவம் இரண்டும் ரோஸ் நிறமாக ஒரு பெண் ஏறினால் அவள்தான் ஜாஸ்மின். புதிதாகப் பார்ப்பவர்கள் முகப்பூச்சு கலைந்துவிட்டது என்று நினைப்பார்கள். தெரிந்தவர்கள் சற்று ஒதுங்கி இடம் கொடுப்பார்கள். மரியாதைக்காக மட்டும் அல்ல. அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் அடுத்து உட்காருகிறவரின் வெள்ளை வேட்டியும் லேசாக ரோஸ் ஆகிவிடும்.

அது வேர்க்குரு மருந்தின் நிறம். வெயில் காலத்தில் குழந்தைகளின் முதுகிலும் கழுத்திலும் தடவி, காய்ந்ததும் வெள்ளையும் ரோஸுமாகப் பொருக்குத் தட்டி நிற்குமே, அந்த லோஷன். முனீர் பாயின் சின்ன கம்பெனியில் அதைத்தான் தயாரிக்கிறார்கள். அங்கே மருந்து கலக்கும் டேங்க் ஜாஸ்மினின் பொறுப்பு.

ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் எவர்சில்வர் தொட்டி அது. பக்கத்தில் இரும்புப் படி, மேலே நின்று பார்க்க ஒரு மேடை. மூடியின் நடுவிலிருந்து இறங்கும் தண்டின் நுனியில் விசிறி மாதிரி இலைகள். மோட்டாரைப் போட்டால் அந்த விசிறி சுழன்று தண்ணீரையும் பொடியையும் கலக்கும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் அந்தப் பொடி சர்க்கரை மாதிரி கரைந்து போகிற ஜாதி இல்லை. தண்ணீருக்குள் மணல்போலத் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கிளறல் குறைந்தால் மெல்ல இறங்கி அடியில் படுத்துக்கொள்ளும். அரிப்பை அடக்குவதோ அந்தப் பொடிதான். தொட்டியின் மேலே, நடுவே, அடியில், எங்கே மொண்டாலும் ஒரே அளவு பொடி இருந்தால்தான் எல்லா பாட்டிலும் மருந்து. இல்லாவிட்டால் ஒரு குழந்தைக்கு வெறும் ரோஸ் தண்ணீர், இன்னொரு குழந்தைக்குச் சுண்ணாம்புக் குழம்பு.

ஜாஸ்மின் முதலில் லேபிள் ஒட்டும் மேஜையில்தான் இருந்தாள். வருஷக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் ஒட்டினாள். டேங்க் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, யார் பழகிக்கொள்கிறீர்கள் என்று முனீர் பாய் கேட்டார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவள் விரலில் ஒட்டியிருந்த லேபிளோடு கையைத் தூக்கினாள். முதல் நாள் அந்த இரும்புப் படியில் ஏறி மேடையில் நின்றபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவ்வளவு உயரத்தில் அவளை யாரும் நிற்க வைத்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மோட்டாரைப் போடுவதற்கு முன் தொட்டியின் மூடிமேல் கட்டை விரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். கீழே நிற்கும் முனீர் பாய் பிஸ்மில்லா சொல்வார். பிறகுதான் சுவிட்ச்.

அவள் கணவன் மெர்வின், ராஜகீழ்ப்பாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அனகாபுத்தூரில் ஜாஸ்மின் வீட்டு கேட் உடைந்தபோது சரிசெய்ய வந்தவன், அதற்குப் பிறகு உடையாத கேட்டைச் சரிசெய்யவும் வந்துகொண்டே இருந்தான். ஒரு நாள் அவள் அப்பா, கேட்டையே கழற்றிக்கொண்டு போ, ஆனால் பெண்ணைக் கேட்காதே என்றாராம். அவன் கேட்டை விட்டுவிட்டுப் பெண்ணைக் கொண்டுபோனான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப்பற்றித் தெருவில் கேட்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். யாராவது கேட்டால் மெர்வின் முந்திக்கொள்வான். "எங்களுக்கு ஒண்ணு கீதே. எவர்சில்வர்ல. ரோஸ் பால்தான் குடிக்கும்" என்பான். ஜாஸ்மின் அவன் தோளில் அடிப்பாள். அடியில் வலி இருக்காது. மனதில் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

அந்தத் தொட்டியை அவள் இழக்கும் நிலை வந்தது இந்த வருஷம்தான். அதற்குக் காரணம் மெர்வினின் அன்பு.

தொட்டியின் உள்சுவரில் மேலிருந்து கீழாக நான்கு எவர்சில்வர் பட்டைகள் நின்றன. கையகலம் இருக்கும். சுவரோடு ஒட்டி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை கழுவும்போதும் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் மூலையில் பொடி களிம்பாக ஒட்டிக்கொள்ளும். ஜாஸ்மின் மேடையில் கவிழ்ந்து படுத்து, பிரஷை நீட்டிச் சுரண்டுவாள். பட்டையின் விளிம்பு முழங்கையைக் கீறும். ஒரு நாள் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மெர்வின் பார்த்துவிட்டான். பழைய கீறல்மேல் புதுக் கீறல், அதன்மேல் ரோஸ் பொடி. அவன் அன்று சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொட்டி மூடியின் கீலைச் சரிசெய்ய முனீர் பாய் அவனைத்தான் கூப்பிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தவன், இந்தப் பட்டையெல்லாம் எதற்கு என்று கேட்டான். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வாங்கிய பழைய தொட்டி அது. வாங்கிய முனீர் பாய்க்கும் தெரியாது. தொட்டி பிதுங்காமல் இருக்கத்தான் வைத்திருப்பார்கள் என்றார் அவர். இவ்வளவு கனமான தகடு எங்கே பிதுங்கப் போகிறது என்றான் மெர்வின். அவர் தலையாட்டினார். நான்கையும் வெட்டி எடுத்தான். வெட்டிய தழும்பை உரசி உரசி, முகம் தெரிகிற கண்ணாடியாக ஆக்கினான். புது வருஷத்தில் மூடியைத் திறந்து பார்த்த ஜாஸ்மின், உள்ளே தன் முகத்தைப் பார்த்து அழுதேவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கொடுத்த பரிசுகளிலேயே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்ட பரிசு அதுதான்.

வெறும் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு அழகு. தண்ணீர் பம்பரம்போலச் சுழன்றது, நடுவில் புனல் மாதிரி குழிந்தது. மோட்டார்கூட முனகாமல் ஓடியது. எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

வெயிலுக்கு முன்னால் கடைகளுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். மாசியில் முதல் கலவை போட்டாள். மருந்தைப் பரிசோதிக்கும் கெமிஸ்ட் ஜெஃப்ரி, நீளக் குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று கண்ணாடி டம்ளரில் எடுத்தான். மேல் டம்ளர் வெளுத்த ரோஸ். அடி டம்ளரில் கரண்டி நின்றது. நல்ல பையன் அவன், யாரையும் குறை சொல்லத் தெரியாதவன். அதனால் பொடியைக் குறை சொன்னான். வேறு பொடி வந்தது. அதே கதை. ஸ்பீடை ஏற்றச் சொன்னான். ஏற்றியதும் நடுக்குழி விசிறிவரை இறங்கி, காற்றை இழுத்து, தொட்டி முழுக்க நுரை பொங்கியது. அடியில் மட்டும் பொடி நகராமல் மேடு கட்டி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, பொடியக் கொஞ்சம் மெதுவா போட்டீங்களா?" என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். எத்தனையோ கோடையாக அதே கை, அதே மெதுவில்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கலவையும் பாட்டிலுக்குப் போகாமல் ட்ரம்மில் நின்றது. முனீர் பாய் அவளைக் கூப்பிட்டு, கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். திங்கள்கிழமை போடுகிற கலவையும் இப்படியே வந்தால், கலக்கும் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதைத் தவிர வழி இல்லை என்றார். தொட்டியை விற்றுவிடலாம். அவளுக்கு லேபிள் மேஜை இருக்கவே இருக்கிறது.

லேபிள் மேஜை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தொடங்கின. ஜாஸ்மின் கறி தொடமாட்டாள், முனீர் பாய் பகலில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். மெர்வினுக்கு மட்டும் எல்லா மாதமும் ஒன்றுதான். அதிலும் நோன்புக் கஞ்சி என்றால் உயிர். கம்பெனி சீக்கிரம் மூடிய அந்த வெள்ளிக்கிழமை, மனது எவ்வளவு உடைந்திருந்தாலும், அவனுக்காகத் தூக்கை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனாள். எல்லா மதத்துக்காரர்களும் பாத்திரத்தோடு நிற்கும் வரிசை அது.

பெரிய அண்டாவில் கஞ்சி ஆவி பறந்தது. ஒருவர் நீளக் கரண்டியால் வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி மொண்டு ஊற்றினார். பக்கத்தில் இன்னொருவர் கிண்டும் துடுப்பைக் கையில் பிடித்து நின்றார். ஜாஸ்மினுக்கு முன்னால் நின்ற பூக்காரப் பெண் தன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், கஞ்சி குடுக்கச் சொன்னா கஞ்சியக் கழுவுன தண்ணிய குடுக்கறீங்க?"

"எல்லாம் உள்ள கீது மா. வருது, வருது" என்று கரண்டிக்காரர் இன்னும் வேகமாகச் சுழற்றினார்.

அது வரவில்லை. மெர்வினுக்கு நாலு துண்டு கறியாவது விழ வேண்டுமே என்று ஜாஸ்மின் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி முழுவதும் ஒன்றாகச் சுற்றியது. நடுவில் குழி விழுந்தது. அரிசியும் பருப்பும் கறியும் அடியில், நடுவில் கூடிக்கொண்டன. ராட்டினத்தில் உட்கார்ந்தவர்கள்போல எல்லாம் சேர்ந்து சுற்றினவே தவிர, ஒன்று இன்னொன்றைத் தாண்டவில்லை, கீழே இருந்தது மேலே ஏறவில்லை.

அப்போது துடுப்புக்காரருக்குப் போன் வந்தது. ஒரு கையால் போனைக் காதில் வைத்தவர், மறு கையால் துடுப்பை அண்டாவின் உள்சுவரோரம் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டார். சுற்றி வந்த கஞ்சி துடுப்பில் மோதியது. மோதியதும் மேலே எழும்பியது, புரண்டது, கீழே பாய்ந்தது. நடுக்குழி மூடிக்கொண்டது. அடியில் கிடந்த கறியும் பருப்பும் துடுப்பின் ஓரமாகக் குபுகுபுவென்று மேலே வந்தன.

ஜாஸ்மினின் தூக்கில் விழுந்தது கெட்டிக் கஞ்சி. அவள் நகரவில்லை. பின்னால் நின்றவர் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள். அவள் கண்ணுக்குள் அந்த நான்கு பட்டைகள் நின்றன. பிதுங்காமல் இருக்க வைத்தவை அல்ல அவை. சுற்றி வருவதை மறித்து, மேலும் கீழுமாகப் புரட்டிவிட நின்றவை.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் பயம் வந்தது. அதை வெட்டியது யார்?

வீட்டில் மெர்வின் தூக்கைத் திறந்ததும் முகம் மலர்ந்தான். இன்றைக்குக் கறி நிறைய இருக்கிறது, உனக்காகத்தான் போட்டிருப்பார்கள் என்றான். சாப்பிட்டுக்கொண்டே அவள் கையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தான். கீறலெல்லாம் ஆறி, கோடு கோடாக மங்கியிருந்தது. அந்தக் கோடுகளை விரலால் தடவிச் சிரித்தான். வேலை செய்து கிடைத்த எந்தப் பாராட்டுக்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை எந்த வாயால் அணைப்பது? தொட்டி போனால் அந்த வருத்தம் தன்னோடு போகும். அவனால்தான் போனது என்று தெரிந்தால், இந்த ஆள் இனி தன் கையைத் தொடவே கூசுவானே. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் முனீர் பாயிடம் போய், இன்னொரு கலவைக்கு நான் வேண்டாம், லேபிளுக்கே போய்விடுகிறேன் என்றாள். காரணம் கேட்டார். கைக்குப் பழைய பதம் இல்லை என்று ஒரு பொய் சொன்னாள். நோன்பு வைத்திருந்த மனிதரிடம் சொன்ன பொய் அவளைச் சுட்டது.

முனீர் பாய்க்கு மனது கேட்கவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கப் போகிற வழியில் பட்டறைமுன் வண்டியை நிறுத்தி, ஜாஸ்மினுக்கு உடம்பு சரியில்லையா, தொட்டியே வேண்டாம் என்கிறாளே என்று மெர்வினிடம் கேட்டார். மெர்வின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி கிரில்லை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவள் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஜாசு, புள்ளைய யாருக்குத் தத்து குடுக்கற?"

அவள் திரும்பவில்லை. அவன் அடுப்பை அணைத்தான். "பாய் வந்தாரு. கையில பதம் இல்லன்னியாமே. எங்கிட்ட சொல்லு, கைக்கு இன்னா?"

"கைக்கு ஒண்ணும் இல்லய்யா."

"அப்ப?"

சொல்ல முடியவில்லை. ஆனால் இனி மறைக்கவும் முடியவில்லை. அவள் குண்டானில் தண்ணீர் பிடித்தாள். ஒரு கை ரவையைப் போட்டாள். கரண்டியை அவன் கையில் கொடுத்து, சுத்து என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் சுற்றினான். தண்ணீர் அழகாகச் சுழன்றது. ரவை அடியில், நடுவில் சின்ன மேடாகக் கூடியது. இன்னும் வேகமாகச் சுற்றினான். மேடு அசையவில்லை. அவள் தோசைத் திருப்பியை எடுத்துக் குண்டானின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்தாள். ரவை கலைந்து எழுந்து, குண்டான் முழுக்கப் பறந்தது.

மெர்வினின் கை நின்றது. அவன் தோசைத் திருப்பியைப் பார்த்தான். அதன் அகலத்தைப் பார்த்தான். இரும்போடு பிழைக்கிற மனிதனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து."

"நேத்தே தெரிஞ்சும் எனக்குக் கஞ்சி ஊத்துன."

"நீ சிரிச்சுகினு இருந்த. எப்டி சொல்றது?"

குண்டானில் ரவை மெல்ல இறங்கி அடியில் படுத்தது. பிறகு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமலேயே சொன்னான்.

"உன் கை கீறுனா தடவ மருந்து கீது ஜாசு. அந்த மேடையிலிருந்து உன்னை எறக்கிட்டா, அதுக்கு இன்னாத்தத் தடவறது?"

அவள் அழுதாள். அவனும் அழுதான். உப்புமா அன்று கிண்டப்படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் சட்டையோடு நேராக முனீர் பாய் வீட்டுக்குப் போனான் மெர்வின். நான் வெட்டியதால்தான் எல்லாம் என்றான். முனீர் பாய் கொஞ்ச நேரம் தாடியை உருவிக்கொண்டிருந்தார். "வெட்டட்டுமான்னு நீ கேட்ட. வெட்டுன்னு தலையாட்டுனது நான். அந்தத் தலைய இன்னா பண்ணலாம், சொல்லு" என்றார். பிறகு கம்பெனிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவன் பழைய பட்டைகளை அப்படியே வைத்து ஒட்டவில்லை. அப்படி ஒட்டினால் அதே மூலை, அதே கீறல். தொட்டியின் விளிம்பில் கொக்கி செய்து, ஒவ்வொரு பட்டையையும் மேலிருந்து மாட்டிக் கழற்றும்படி ஆக்கினான். அடியில் ஆடாமல் பிடித்துக்கொள்ள, பட்டையின் நுனி நுழைகிற ஒரு காடி. சுவருக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டான். இனிக் களிம்பு தங்க மூலையே இல்லை, பின்னாலும் மருந்து ஓடும். விளிம்புகளை உருட்டி, உருட்டியதைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, மறுபடி உருட்டினான். அந்த வேலையை யாருக்குச் செய்தாலும் அவன் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறவன் இல்லை.

திங்கள்கிழமை காலை ஜாஸ்மின் இரும்புப் படியில் ஏறினாள். மூடியில் சிலுவை போட்டாள், கீழிருந்து பிஸ்மில்லா கேட்டது, மோட்டாரைப் போட்டாள். இந்த முறை அழகான பம்பரச் சுழல் இல்லை. நடுக்குழி இல்லை. மருந்து பொங்கிப் புரண்டு, தனக்குள்ளேயே மோதிக்கொண்டு, அடங்காத பிள்ளைபோல் கிடந்தது. மோட்டார் பழையபடி முனகியது. அந்த முனகலைக் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. ட்ரம்மில் நின்ற பழைய மருந்தையும் இதோடு சேர்த்துக் கரை சேர்த்துவிடலாம் என்று கீழே முனீர் பாய் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெஃப்ரி குழாயை இறக்கி மூன்று டம்ளர் எடுத்தான். ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தான். இடத்தை மாற்றி மாற்றி வைத்தான். உள்ளே கொண்டுபோய் எடை போட்டுவிட்டும் வந்தான். எது மேல், எது அடி என்று கடைசியில் அவனுக்கே குழம்பிவிட்டது.

"அக்கா, மூணும் ஒண்ணுதான்" என்றான்.

ஜாஸ்மின் மேடையிலேயே உட்கார்ந்து, ரோஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். முகம் முழுக்க ரோஸ் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. முனீர் பாய் மட்டும், லேபிள் மேஜைக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே மெர்வின் பைக்கோடு நின்றான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை. அவள் பின்னால் ஏறி, அவன் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். அதிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்து பைக்கில் இருந்தவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணா, வெள்ளைச் சட்டை முதுகு பூரா ரோஸா கீது. இன்னா அது?"

"வேர்க்குரு மருந்து" என்றான் மெர்வின். "வூட்லயே தடவி வுட ஆள் கீது."